மூன்றாம் டெக்கில் பதிந்த பத்துக் கேசட்டுகள்

நாற்பது கேசட் போட்டோம். அனுப்பி ஒரு மாதத்துக்குள் நான்கு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம்: "பி பக்கம் பாதிக்கு மேல் படகில் ஏறின மாதிரி ஆடுது." இரண்டாவது: "ஏ பக்கத்தைக் கம்பளி போர்த்தி வாசித்தது போல் இருக்கிறதே, வேண்டுமென்றே செய்ததா?" மூன்றாவது ஆள் பாவம், கேசட் ஓட்டும் தன் டெக்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் அதைப் பிரித்துப் போட்டுத் துடைத்திருக்கிறார். நான்காவது கடிதம் பாராட்டு. "பி பக்கம் பதினேழாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது. அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்."

பாராட்டைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினேழாவது நிமிடத்தில் நாங்கள் எதையும் வைக்கவில்லை. பி பக்கம் முழுக்க ஒரே ஆர்மோனியக் கார்வைதான், இருபத்தெட்டு நிமிடம்.

இந்த நான்கு கடிதங்களுக்கும் காரணம் ஒரே இயந்திரம் என்று கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் என்ன நினைத்தேன், எங்கே ஏமாந்தேன், கடைசியில் எது பிடிபட்டது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து கேசட் போடும் யாருக்கும் இது நடக்கலாம்.

பதிவு

வாசித்தவர் என்னைவிட வயதில் சிறிய நண்பர். பதிவு செய்தது ஒரு ஃபோர்-டிராக் கேசட் ரெக்கார்டரில். 1979இல் டாஸ்காம் 'போர்ட்டாஸ்டுடியோ' என்று கொண்டுவந்த வகைதான்: சாதாரணக் கேசட்டையே ஒரே திசையில் ஓடவிட்டு, நான்கு தடங்களிலும் தனித்தனியாகப் பதியும். வழக்கமான கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும். இந்த ரெக்கார்டரில் அதன் இரு மடங்கு. பழைய ஸ்டுடியோக்களின் பெரிய ரீல் இயந்திரங்கள் நொடிக்கு 38 செ.மீ. ஓடின. ஃபிலிப்ஸில் லூ ஒட்டன்ஸ் குழு உருவாக்கி 1963இல் வெளிவந்த கேசட் என்னும் இந்தச் சின்ன டப்பா, ஆரம்பத்தில் பேச்சைப் பதிந்துவைக்கத்தான். 3.81 மி.மீ. அகல நாடாவில் இரண்டு பக்கமும் ஸ்டீரியோவாக அடைத்தால் ஒரு தடத்துக்கு 0.6 மி.மீ. கிடைக்கும். இவ்வளவு குறுகிய இடத்தில், இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில், ஹிஸ் என்னும் நாடா இரைச்சல் இல்லாத சங்கீதம் எதிர்பார்ப்பது பேராசை. பதிவின் கரகரப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும் லோ-ஃபை ஆட்கள் அந்தப் பேராசையை விட்டவர்கள். ஹிஸ்ஸும் எங்களுக்கு ஒரு வாத்தியம்தான்.

ஏ பக்கம்: ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் போட்ட எலெக்ட்ரிக் கிதார், ஆம்ப்ளிஃபயர் முன்னால் நிறுத்தி ஃபீட்பேக்கில் ஊளையிட விட்டது. அதன் மேல் ரேடியோ இரைச்சலில் எடுத்த ஒரு டேப் லூப், அதாவது வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்ட நாடா. மணலைக் கொட்டுவது போன்ற சத்தம், இருபத்தொன்பது நிமிடம்.

பி பக்கம் இதற்கு நேர் எதிர். ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டை, 110 ஹெர்ட்ஸ். முதல் தடத்தில் பதிந்தபின், ரெக்கார்டரின் வேகக் குமிழைத் துளியூண்டு திருப்பி அதே கட்டையை இரண்டாம் தடத்தில் பதிந்தார். திரும்பப் போடும்போது இரண்டாவது 110.4 ஹெர்ட்ஸ் ஆகிவிட்டது. பள்ளிக்கூட இயற்பியலில் 'விம்மல்' என்று படித்தோமே, அதுதான் இது. நெருங்கிய இரண்டு சுரம் சேர்ந்தால் ஒலி ஏறி இறங்கும், வித்தியாசம் எவ்வளவோ அத்தனை முறை. இங்கே 0.4 ஹெர்ட்ஸ், அதாவது இரண்டரை நொடிக்கு ஒரு விம்மல். அதோடு நிற்காது. இரண்டாம் மேல்சுரங்கள் 220, 220.8: அங்கே 1.25 நொடிக்கு ஒன்று. மூன்றாம் மேல்சுரங்கள் 330, 331.2: அங்கே 0.83 நொடிக்கு ஒன்று. ஒற்றைக் கார்வைக்குள் இப்படி ஒவ்வோர் அடுக்கும் தன் தன் வேகத்தில் மூச்சு விடும். தம்புராவை மீட்டி அரைமணி நேரம் அதையே கேட்டிருப்பவர்களுக்கு இந்த உலகம் பழக்கமானது. 1960களில் நியூயார்க்கில் லா மான்டே யங், டோனி கான்ராட் என்ற இசைக்காரர்களின் கூட்டம் மணிக்கணக்கில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததும், 1970இல் அங்கே போன இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் யங் சீடராகச் சேர்ந்ததும் இந்த ருசியில்தான்.

இந்த இசையைச் சைக்கடெலிக் என்று சொல்ல வைப்பது எஃபெக்ட் பெடல்கள் இல்லை, நேரம்தான். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். பதினைந்தாவது நிமிடத்தில் காது தானாக உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகிவிடும், கடுகளவு மாற்றமும் மலையாகத் தெரியும். இது நம் வழக்குக்கு முக்கியம். சாதாரணப் பாட்டில் யாருக்கும் தெரியாமல் போகும் ஒரு இயந்திரக் கோளாறு, இப்படி ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் டிரோனில் மேடையேறி நிற்கும்.

கலந்து முடித்த மூலப் பதிவான மாஸ்டரைக் கணினியில் கோப்பாக ஏற்றி, நான்கு டெக்கை வரிசையாக அடுக்கி, பக்கத்துக்கு அரைமணி ஓடும் சி-60 கேசட்டுகளில் நிஜ வேகத்தில் காப்பி எடுத்தோம். ஒரு சுற்றுக்கு நான்கு. பத்துச் சுற்று. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் ஒவ்வொரு டெக்கிலும் ஒன்றிரண்டு நிமிடம் ரீவைண்ட் செய்து கேட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத்தான் வரவேண்டும்.

பிஞ்ச் ரோலரில் போன ஞாயிறு

முதலில் செய்தது முட்டாள்தனம். கடிதங்களைப் படித்துவிட்டு மாஸ்டர் கோப்பை ஹெட்ஃபோனில் போட்டேன். காதில் ஒரு சின்னத் துடிப்பு விழுந்தது. ஸ்டாப்வாட்சில் இருபது துடிப்பை எண்ணினால் பதினேழு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றுக்கு 0.83, 0.84 நொடி.

கேசட் டெக்கில் நாடாவை இழுப்பது கேப்ஸ்டன் என்னும் மெல்லிய இரும்பு அச்சும், அதன் மேல் நாடாவை அழுத்தும் ரப்பர் பிஞ்ச் ரோலரும். என் டெக்குகளில் ரோலரின் விட்டம் 13 மி.மீ. சுற்றளவு கிட்டத்தட்ட 41 மி.மீ. நொடிக்கு 47.6 மி.மீ. ஓடினால் ஒரு சுற்றுக்கு 0.86 நொடி. ஆஹா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஃபோர்-டிராக்கின் ரோலரைக் கழற்றினேன், நான்கு டெக்கின் ரோலர்களையும் ஆல்கஹாலில் துடைத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. துடிப்பு அப்படியே இருந்தது.

இருக்கத்தானே செய்யும். மேலே சொன்ன மூன்றாம் மேல்சுரத்தின் விம்மல் அது. 0.83க்கும் 0.86க்கும் உள்ள வித்தியாசத்தை நான் 'அளவெடுத்ததில் பிழை' என்று தள்ளிவிட்டேன். இசையில் இருந்ததை இயந்திரத்தின் தலையில் கட்டினேன். பாராட்டுக் கடிதம் எழுதியவர் செய்தது இதற்குத் தலைகீழ் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. விம்மலில் ஏறி இறங்குவது ஒலியின் அளவு, சுருதி நின்ற இடத்தில் நிற்கும். நாடா வேகம் மாறினால் ஆடுவது சுருதி. அதுவும் எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் சேர்ந்து ஆடும். டேப் ஆட்கள் இந்த மெதுவான ஆட்டத்தை 'வாவ்' என்பார்கள், வேகமான நடுக்கத்தை 'ஃப்ளட்டர்' என்பார்கள். இரண்டும் காதுக்கு 'ஏதோ அசைகிறது' என்றுதான் முதலில் படும். கண்ணை மூடிக்கொண்டு கூடவே அந்தச் சுரத்தை மெல்ல முனகிப் பாருங்கள். விம்மல் என்றால் உங்கள் குரல் அதோடு ஒட்டி நிற்கும். வாவ் என்றால் வழுக்கும். இதைவிட மலிவான கருவி இல்லை. மாஸ்டரோடு முனகினேன், வழுக்கவில்லை. மாஸ்டர் நிரபராதி.

மீதி மூன்று

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கேசட் டப்பிக்குள் வைக்கும் அட்டையான ஜே-கார்டின் உள்மடிப்பில் பென்சிலால் பிரதி எண் போட்டிருந்தோம், டெக்கிலிருந்து எடுத்த வரிசையிலேயே. நான்கு பேரிடமும் எண் கேட்டு எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது: 11, 35, 27, 23.

காகிதத்தில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஒற்றைப்படை. இரண்டு பகா எண், ஆனால் 27 அப்படி இல்லை, 35உம் இல்லை. பிறகு சட்டென்று உறைத்தது. நான்கு டெக், வரிசையாக எடுத்தது. நான்கால் வகுத்தால்? பதினொன்று, மீதி மூன்று. முப்பத்தைந்து, மீதி மூன்று. இருபத்தேழு, மீதி மூன்று. இருபத்துமூன்று, மீதி மூன்று.

மூன்றாம் டெக். அப்படியானால் 3, 7, 11 என்று ஆரம்பித்து 39 வரை பத்துப் பிரதி. இந்தப் பென்சில் எண் மட்டும் இல்லாவிட்டால் நாற்பதையும் சந்தேகப்பட்டிருப்பேன். எண்ணை அழகுக்குப் போட்டோம், அது சாட்சி சொன்னது.

வட்டத்தை அளந்தது

டெக் எது என்று தெரிந்துவிட்டது. டெக்குக்குள் எது? இதற்கு ஒரு வெற்றுக் கேசட்டை மூன்றாம் டெக்கில் போட்டு, அரைமணி நேரமும் 3150 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தைப் பதிந்தேன். வாவ் அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் சுரம் அது. பதிந்ததை முதல் டெக்கில் போட்டுக் கணினியில் ஏற்றி, சுருதி எப்போதெல்லாம் ஏறி இறங்குகிறது என்று பார்த்தேன்.

ஆட்டம் கோடு போட்டது போல் தெரிந்தது. பக்கத்தின் ஆரம்பத்தில் 3.3 நொடிக்கு ஓர் ஆட்டம். பத்தாவது நிமிடத்தில் 2.9. இருபதாவது நிமிடத்தில் 2.3. இருபத்தேழாவது நிமிடத்தில் 1.8. போகப் போக வேகமெடுக்கும் ஆட்டம்.

இதைப் பார்த்ததும் பாதி வழக்கு முடிந்தது. கேப்ஸ்டன் காரணம் என்றால் நொடிக்கு ஐந்தாறு முறை நடுங்கும். பிஞ்ச் ரோலர் என்றால் 0.86 நொடி, ஆரம்பம் முதல் கடைசி வரை மாறாது. நேரம் மாறிக்கொண்டே போவது கேசட்டுக்குள் இரண்டே இரண்டு சமாச்சாரம்தான், நாடாச் சுருள்கள். நாடாவைச் சுருட்டிக்கொள்ளும் சுருள் பெருத்துக்கொண்டே போகும், அது சுற்றும் நேரம் கூடும். நாடாவைக் கொடுக்கும் சுருள் இளைத்துக்கொண்டே போகும், அது சுற்றும் நேரம் குறையும். இங்கே குறைகிறது. ஆகவே கொடுக்கும் சுருள்.

சரிபார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சி-60இல் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா, தடிமன் 18 மைக்ரான். நடுவிலுள்ள ஹப்பின் ஆரம் 11 மி.மீ. முழுச் சுருளின் ஆரம் 25 மி.மீ. வருகிறது. சுற்றளவு 158 மி.மீ., ஒரு சுற்றுக்கு 3.3 நொடி. இருபதாவது நிமிடத்தில் மிஞ்சிய நாடா 33 மீட்டர், ஆரம் பதினேழரைச் சொச்சம், ஒரு சுற்றுக்கு 2.3 நொடி. கணினி காட்டியதும் இதே எண். டெக்கைத் திறக்காமலேயே உள்ளே எந்த உறுப்பு என்று சொல்லிவிட முடிந்தது. இவ்வளவு திருப்தியான கணக்கு நான் பள்ளியில்கூடப் போட்டதில்லை.

திறந்தேன். கொடுக்கும் சுருளைத் தாங்கும் அச்சுத் தட்டுக்குக் கீழே ஒரு ஃபெல்ட் வளையம் இருக்கும். நாடா தளராமல் இருக்கக் கொஞ்சம் பின்னிழுப்புக் கொடுப்பது அதன் வேலை. அதன் ஓர் ஓரத்தில் பழைய கிரீஸ் ஊறி, காய்ந்து, கடலைப்பருப்பு அளவு கட்டியாகப் பிடித்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை அந்த இடம் வந்து இறுக்கும், அப்புறம் விடும். பிஞ்ச் ரோலர் ரப்பரும் கல்லாக இறுகியிருந்தது, ஆகவே இழுப்பைச் சமாளிக்கும் பிடி இல்லை. (ஆமாம், நான் துடைத்த அதே ரோலர். துடைத்தேன், அழுத்திப் பார்க்கவில்லை.)

ஆட்டம் ஏன் பக்கத்தின் கடைசியில் மோசம் என்பதும் இங்கேயே விளங்கியது. அச்சின் இறுக்கம் அதேதான், ஆனால் சுருள் இளைக்க இளைக்க அது நாடாவை இழுக்கும் விசை கூடும். ஆரம் பாதியானால் விசை இரட்டிப்பு. ஆரம்பத்தில் சுருதி 0.3 சதவீதம் மேலும் கீழும் ஆடியது, கடைசியில் 0.6 சதவீதம். ஓர் அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு. சினிமாப் பாட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நிலையான ஆர்மோனியச் சுரத்தில் அது படகு.

தன் தப்பு தனக்குக் கேட்காது

ஆனால் நான் கேட்டுப் பார்த்தேனே? நாற்பது காப்பியையும், பக்கம் முடிந்த உடனே, கடைசி ஒன்றிரண்டு நிமிடம். ஆட்டம் உச்சத்தில் இருக்கும் இடமே அதுதான். எப்படித் தப்பியது?

இந்தக் கேள்வி இரண்டு நாள் தூங்கவிடவில்லை. போதாததற்கு, 11ஆம் பிரதியைத் திருப்பி வரவழைத்து மூன்றாம் டெக்கிலேயே போட்டபோது, ஒரு முறை பயங்கரமாக ஆடியது. எஜெக்ட் செய்து மறுபடி போட்டால் கிட்டத்தட்ட ஆட்டமே இல்லை. மறுபடி போட்டால் நடுவாந்தரம். பேய் பிடித்த டெக்.

பேய் இல்லை, பல் சக்கரம். பதியும்போது ஃபெல்ட் இறுக்கும் நொடியில் நாடா மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போகும் நாடாவில் ஒலி நெருக்கிப் பதிகிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக் கேட்கும். ஆனால் அதே டெக்கில், கேசட்டை வெளியே எடுக்காமல், கொஞ்சம் ரீவைண்ட் செய்து கேட்டால்? அச்சும் சுருளும் சேர்ந்தே பின்னால் போய்ச் சேர்ந்தே முன்னால் வருகின்றன. நெருக்கிப் பதிந்த அதே இடம் நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்கு வரும் நொடியில் அதே கட்டி மறுபடி இறுக்கும். நாடா மெதுவாகும், சுருதி இறங்கும். ஏற வேண்டியதும் இறங்க வேண்டியதும் ஒன்றையொன்று தின்றுவிடும். கேட்பவனுக்கு ஆர்மோனியம் அசையாமல் நிற்கும்.

எஜெக்ட் செய்தால் அந்த ஒப்பந்தம் முறிகிறது. கேசட் ஹப்பின் உள்விளிம்பில் ஆறு பற்கள். மறுபடி போடும்போது அச்சு எந்தப் பல்லில் உட்காரும் என்பது அதிர்ஷ்டம். சோதித்தும் பார்த்தேன். அச்சில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு பங்கு திருப்பிவிட்டு 11ஆம் பிரதியைச் செருகி, கடைசி மூன்று நிமிடத்தைக் கேட்டேன். ஒரு நிலையில் ஏறத்தாழ அமைதி. அதற்கு நேர் எதிரே, மூன்று பல் தள்ளி, ஆட்டம் இரு மடங்கு. நடுவே மற்ற நான்கும் படிப்படியாக. ஆறு முறையும் அதே கேசட், அதே டெக், அதே மூன்று நிமிடம்.

ஆக, நான் செய்த தரச் சோதனை கோளாறைத் தேடவே இல்லை. கோளாறு தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும் ஒரே இடத்தில், ஒரே விதத்தில் கேட்டுவிட்டு நாற்பது முறை தலையாட்டியிருக்கிறேன்.

கம்பளி

ஏ பக்கக் கம்பளியும் இதே ஜாதி. ஹெட்டிலுள்ள நுண்ணிய இடைவெளி நாடாவின் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அந்தச் சாய்வுக்கு அசிமத் என்று பெயர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கேசட் நாடாவில் 4.76 மைக்ரான் நீளம்தான். பதிந்த ஹெட்டும் போடும் ஹெட்டும் அரை டிகிரி பிசகினால், 0.6 மி.மீ. தடத்தின் மேல் ஓரத்தில் ஒரு அலையும் கீழ் ஓரத்தில் அடுத்த அலையுமாகப் படித்து, அந்த ஒலி அடியோடு அழிந்துபோகும். மூன்றாம் டெக்கின் ஹெட் திருகு அந்த அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தளர்ந்திருந்தது. சாய்வாகப் பதிந்ததைச் சாய்வாகவே படித்தால் பழுது இல்லை, ஆகவே இதிலும் என் சோதனை ஏமாந்தது. வேறு டெக்கில் போட்டவருக்கு மணல் சத்தத்தின் மினுமினுப்பெல்லாம் போய்க் கம்பளி மட்டும் மிச்சம்.

இரண்டு கோளாறும் இரண்டு பக்கத்திலும் இருந்தன என்பதுதான் வேடிக்கை. ஏ பக்கம் வெறும் இரைச்சல், அதில் பிடித்துக்கொள்ள ஒரு சுருதி இல்லை, ஆகவே வாவ் தெரியவில்லை. பி பக்கம் ஆர்மோனியத்தின் கீழ்ச்சுரம், அதில் இழக்க உச்ச ஒலிகள் அதிகமில்லை, ஆகவே அசிமத் தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்டவர் ஒரு நோயைத்தான் சொல்வார். நானும் முதலில் இரண்டு காரணங்கள், இரண்டு இயந்திரங்கள் என்றே தேடினேன்.

வைத்தியம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபெல்ட்டும் ரோலரும் புதிதாகப் போட்டேன். 10,000 ஹெர்ட்ஸ் சோதனை நாடாவை ஓட்டி, இரண்டு சேனலையும் மோனோவாகக் கலந்து, ஒலி உச்சத்துக்கு வரும்வரை ஹெட் திருகைத் திருப்பி, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு. அரைமணி வேலை. இப்போது முதல் டெக்கில் பதிந்ததை இரண்டாவதில் கேட்கிறேன், இரண்டாவதில் பதிந்ததை மூன்றாவதில், கடைசியில் பதிந்ததை முதலாவதில். அதுவும் முழுச் சுற்று ரீவைண்ட் செய்து, எஜெக்ட் செய்த பிறகு.

இருபத்துமூன்றாம் பிரதி

மிச்சம் இருந்தது பதினேழாவது நிமிடம். மூன்றாம் டெக்கின் ஆட்டம் 3.3 நொடியில் ஆரம்பித்து 1.8 நொடியில் முடிகிறது என்றால், வழியில் எங்கோ ஓர் இடத்தில் இரண்டரை நொடியைக் கடந்துதானே ஆக வேண்டும்? இரண்டரை நொடி என்பது ஆர்மோனியத்தின் சொந்த விம்மல். எங்கே கடக்கும் என்று கணக்குப் போட்டேன். சுருளின் ஆரம் 19 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கீழே, மிஞ்சிய நாடா 41 சொச்சம் மீட்டர், ஓடி முடிந்தது 48 சொச்சம்.

பதினேழாவது நிமிடம்.

அதுவரை ஒலி ஒரு தாளத்தில் ஏறி இறங்க, சுருதி வேறொரு தாளத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் மெல்ல மெல்ல நெருங்கி, பதினேழில் கைகோத்து, இரண்டு மூன்று நிமிடம் ஒன்றாகவே நடந்து, பிறகு ஆட்டம் முந்திக்கொண்டு போய்விடுகிறது. வாசித்தவர் எழுதாத, நான் அறியாத, காய்ந்த கிரீஸ் போட்ட இசை அது. அந்தக் கடிதக்காரரின் காது பொய் சொல்லவில்லை. அங்கே உண்மையாகவே ஒன்று திறக்கிறது.

பத்துப் பேருக்கும் உள்ளதைச் சொல்லி, மாற்றுப் பிரதி தருகிறோம் என்று எழுதினோம். ஆறு பேர் மாற்றிக்கொண்டார்கள். மூன்று பேர் பதில் போடவில்லை. இருபத்துமூன்றாம் பிரதிக்காரர் தர மறுத்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத்துக்கு மட்டும் இரவல் வாங்கினேன், நண்பருக்குப் போட்டுக்காட்ட.

சரிசெய்த டெக்கில் பி பக்கத்தைப் போட்டுவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பதினைந்தாவது நிமிடத்தில் அவர் தலையைச் சாய்த்தார். பதினேழில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முடிந்ததும், "அண்ணா, இதையே மாஸ்டர் ஆக்கிடலாமா?" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேர் காசு கொடுத்து வாங்கிப் படகில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். கோளாறு கோளாறுதான், அழகாக அமைந்தால் மட்டும் கலை என்று பெயர் மாற்றுவது எனக்குப் பிடிக்காது. அவர் விடவில்லை. "வேகக் குமிழைத் திருப்பி நான் வரவழைச்ச விம்மல் மட்டும் என்னவாம்? அதுவும் டெக்கோட சுருதியைக் கெடுத்ததுதானே?" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. திருப்பினோம் என்று நமக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம் என்று சொன்னேன். "இப்ப இதுவும் தெரியும்ல?" என்றார்.

இரண்டாம் பதிப்பு இருபது பிரதி. ஏ பக்கம் பழைய மாஸ்டரிலிருந்து, கம்பளி இல்லாமல். பி பக்கம் இருபத்துமூன்றாம் பிரதியிலிருந்து எடுத்தது, அந்த விவரத்தை ஜே-கார்டில் அச்சிட்டே விட்டோம். அனுப்பிய இரண்டாவது வாரம் ஒருவர் எழுதினார், பி பக்கம் பாதிக்கு மேல் ஆடுகிறது, டெக் கோளாறா பாருங்கள் என்று. ஜே-கார்டின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிப் பதில் போட்டேன். படித்துவிட்டு மாற்றுப் பிரதிதான் வேண்டும் என்றார். முதல் பதிப்பில் எங்களுக்கென்று வைத்திருந்த 40ஆம் எண்ணை அனுப்பினேன். நான்கால் வகுத்தால் மீதி இல்லை.